'தலைகீழாக்கு' என்றால் எதை? தெளிவில்லாத ஸ்ட்ரிங் கணக்கைப் படிக்கும் முறை

ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய வகுப்பு ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு வராந்தா, நான்கு மடிக்கணினிகள், நடுவில் ஒரு தட்டு காத்தோ பிமா. (மொரிஷியஸ் பக்கம் வராதவர்களுக்கு: பருப்பு வடைக்குத் தங்கை முறை.) பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், என்னிடம் வந்தால் தமிழ். ஒரு நாள் பலகையில் ஒரு ஸ்ட்ரிங் கணக்கு, அதாவது எழுத்துச்சரத்தை வைத்துச் செய்யும் கணக்கு, எழுதிப் போட்டேன்:

"சொற்கள் அடங்கிய ஒரு வரி தரப்படும். அதிலுள்ள சொற்களைத் தலைகீழாக்கி, திரும்ப வருபவற்றை நீக்கி அச்சிடவும்."

மாதிரி உள்ளீடு: தேரு வருது தேரு
மாதிரி வெளியீடு: தேரு வருது

அரை மணி நேரத்தில் நான்கு பேர் நான்கு விதமான நிரல்களோடு வந்தார்கள். ஒன்றிலும் கோளாறு இல்லை. நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கு எழுதப்பட்டவை, அவ்வளவுதான். ஒரு பெண் மட்டும் மாதிரி வெளியீட்டைப் பார்த்துவிட்டு, "இது தலைகீழாவே இல்லையே அண்ணே, முதல் ரெண்டு சொல் அப்படியே இருக்கே" என்றாள். அவள் சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வினைச்சொற்களைப் பிடியுங்கள்

கேள்வியைப் படித்ததும் விசைப்பலகையில் கை வைக்காதீர்கள். ஒரு தாளில் வினைச்சொற்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மேலே உள்ளதில் இரண்டே வினைகள்: தலைகீழாக்கு, நீக்கு. ஒவ்வொன்றையும் 'எதை?' என்று கேளுங்கள்.

தலைகீழாக்குவது எதை? சொற்களின் வரிசையையா, ஒவ்வொரு சொல்லின் உள்ளே இருக்கும் எழுத்துகளையா, முழு வரியையும் எழுத்து எழுத்தாகவா? 'சொற்களைத் தலைகீழாக்கு' என்ற தொடர் முதல் இரண்டுக்கும் சமமாகப் பொருந்தும். இலக்கணம் இதில் உதவிக்கு வராது.

நீக்குவது எதை? முதலில் வந்ததை வைத்துக்கொண்டு பிறகு வந்ததையா, கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் வந்ததையா, இரண்டு முறை வந்த சொல்லை அடியோடு எல்லா இடத்திலிருந்துமா, அடுத்தடுத்து ஒட்டி வந்தால் மட்டுமா?

பலர் கேட்க மறக்கும் இன்னொன்று: எது முதலில்? தலைகீழாக்கிவிட்டு நீக்குவதா, நீக்கிவிட்டுத் தலைகீழாக்குவதா? தமிழில் '-இ' என்று முடியும் வினையெச்சங்கள் அடுக்கி வந்தால் பெரும்பாலும் சொன்ன வரிசைதான். ஆனால் கேள்வி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கவனத்தோடு எழுதுவதில்லை.

மாதிரியை ஒரு சாட்சியாக விசாரியுங்கள்

இப்போது நம் ஊகங்களை ஒவ்வொன்றாக மாதிரி உள்ளீட்டின்மேல் ஓட்டிப் பாருங்கள், கையால்தான்.

ஒவ்வொரு சொல்லிலும் எழுத்துகளைத் திருப்பினால் 'ருதே துருவ' என்று வர வேண்டும். வரவில்லை. ஆகவே அது கழிந்தது. முழு வரியையும் திருப்புவதும் அதே காரணத்தால் கழிந்தது. இனிச் சொல் வரிசை மட்டும்தான்.

முதலில் வந்ததை வைத்து நீக்கிவிட்டுப் பிறகு திருப்பினால் 'வருது தேரு'. கழிந்தது. இரண்டு முறை வந்ததை அடியோடு நீக்கினால் 'வருது' மட்டும் மிஞ்சும். கழிந்தது. ஒட்டி வந்தால் மட்டும் நீக்குவது என்றால் மூன்று சொற்களும் அப்படியே நிற்க வேண்டும். அதுவும் கழிந்தது.

முதலில் திருப்பி, பிறகு முதலில் வந்ததை வைத்துக்கொண்டால்? திருப்பினாலும் வரி 'தேரு வருது தேரு' என்றுதான் இருக்கும், ஏனென்றால் இந்த வரி முன்னும் பின்னும் ஒன்றே. நீக்கினால் 'தேரு வருது'. பொருந்துகிறது! அந்தப் பெண் 'தலைகீழாவே இல்லையே' என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். திருப்பல் நடந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்ததை வைத்து நீக்கிவிட்டு, அப்புறம் திருப்பினாலும் இதே விடைதான் வரும். இது தற்செயல் இல்லை. எந்த வரியைக் கொடுத்தாலும் இந்த இரண்டும் ஒரே விடையைத் தரும், ஏனென்றால் திருப்பிய வரியில் முதலில் நிற்பது பழைய வரியில் கடைசியாக நின்றதுதான். இரண்டு ஊகங்கள் எப்போதும் ஒரே விடையைத் தந்தால் அங்கே குழப்பமே இல்லை. எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் எளிதானதை எழுதிவிட்டுப் போகலாம்.

பிரித்துக் காட்டும் உள்ளீடு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊகங்கள் இருந்தால், அவை இரண்டும் வேறு வேறு விடை தரும் மிகச் சிறிய உள்ளீட்டைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்கும் வரை உங்களுக்குக் குழப்பம் என்ன என்பதே சரியாகத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு. 'ஒரு ஸ்ட்ரிங்கின் எல்லாத் துணைச்சரங்களையும் எண்ணுக' என்று ஒரு கணக்கு. தொடர்ந்து நிற்கும் துண்டுகளா, நடுவில் எழுத்துகளைத் தாண்டிப் பொறுக்கலாமா? தமிழில் இரண்டையும் துணைச்சரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாதிரியில் இரண்டெழுத்துச் சொல்லைக் கொடுத்து விடை 3 என்றிருந்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் இரண்டு பொருளுக்கும் 3தான். 'நகர' என்ற மூன்றெழுத்தைப் போட்டால்தான் குட்டு உடையும். தொடர் துண்டுகள் ந, க, ர, நக, கர, நகர என்று 6. தாண்டிப் பொறுக்கலாம் என்றால் 'நர'வும் சேர்ந்து 7.

இன்னொன்று: 'தகதகதக' என்பதில் 'தகதக' எத்தனை முறை வருகிறது? ஒன்றின்மேல் ஒன்று படியலாம் என்றால் 2, கூடாது என்றால் 1. பைத்தான் என்ற நிரல்மொழியின் உள்ளமைந்த எண்ணும் செயலி 1 என்றுதான் சொல்லும், அது படிய விடாது. மொழி எதைத் தருகிறதோ அதையே கேள்வி கேட்கிறது என்று நினைத்துக்கொள்வதால் வரும் தப்பு நிறைய.

நம் தேர் கணக்குக்கு நான் எழுதிய உள்ளீடு 'அ ஆ அ இ'. திருப்பிவிட்டு நீக்கினால் 'இ அ ஆ'. முதலில் வந்ததை வைத்து நீக்கிவிட்டுத் திருப்பினால் 'இ ஆ அ'. நான்கே சொற்களில் இரண்டும் பிரிந்துவிட்டன.

எழுத்து என்பது எது?

நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய இடம். ஆங்கிலத்திலேயே பழகியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே காலம் தள்ளிவிடலாம்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? பிள்ளையைக் கேட்டால் 3. பைத்தானைக் கேட்டால் 5, ஏனென்றால் அது யூனிகோட் கோட் பாயின்ட்களை (உலக எழுத்துகளுக்கான அட்டவணையில் தனித்தனி எண் பெற்ற குறிகளை) எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் வேறு அலகில் எண்ணினாலும் இந்தச் சொல்லுக்கு 5தான் சொல்லும். கோ மொழியில் நீளம் கேட்டால் 15, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால். ஸ்விஃப்ட் மட்டும் பிள்ளையோடு சேர்ந்து 3 என்கிறது, அது கிராஃபீம் கிளஸ்டர்களை, அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிபவற்றை, எண்ணுவதால்.

நம் யாப்பிலக்கணக்காரர்களைக் கேட்டால் நான்காவதாக ஒரு விடை வரும். கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, 'ஒற்று நீக்கி' எண்ண வேண்டும் என்பது விதி. புள்ளி வைத்த 'ழ்' போக, அந்தக் கணக்கில் 'தமிழ்' 2 எழுத்து. 'ஒற்று நீக்கி' என்று இரண்டே சொற்களில் குழப்பத்தை முடித்திருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறவர்கள் இவர்களிடம் கொஞ்சம் பாடம் கேட்கலாம்.

நீளம் மட்டுமா? கோட் பாயின்ட்களாகத் திருப்பினால் 'தேரு' என்பது உகரக் குறி முன்னால் அநாதையாக நிற்க, ஏகாரக் குறி போய் ரகரத்தோடு ஒட்டிக்கொள்ள, 'ரேத' போல ஒன்றாகக் கலைந்துவிடும். 'விகடகவி' முன்னும் பின்னும் ஒன்றா என்று சோதித்தால் 'இல்லை' என்று வரும். ஆகவே தமிழ் உள்ளீடு வரக்கூடிய கணக்கென்றால், எழுத்து என்பது எது என்று முதல் வரியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்க 'விகடகவி' போதும்.

'தேரு வருதே' என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை விட்டுவிட்டுப் பார்த்தால் அது மாலைமாற்று (முன்னும் பின்னும் ஒன்றாகப் படிப்பது), இடைவெளியையும் ஓர் எழுத்தாகக் கொண்டால் இல்லை. 'முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கிறதா' என்று மொட்டையாகக் கேட்கும் எல்லாக் கணக்குக்கும் இது பிரித்துக் காட்டும்.

எண்களும் அப்படியே. 'இலக்கங்களை நீக்குக' என்றால் ௨, ௫ போன்ற தமிழ் இலக்கங்களும் சேர்த்தியா? பைத்தான் அவற்றை இலக்கம் என்றே ஏற்கும். '௨௫' என்பதை 25 என்ற எண்ணாக மாற்றியும் தரும். ஆனால் பத்தைக் குறிக்கும் ௰ அதற்கு இலக்கம் இல்லை, எண் மதிப்புள்ள குறி மட்டும்.

சொல் என்பது எது?

எங்கள் ஊரின் முழுப்பெயர் போ பாசேன்-ரோஸ் ஹில், நடுவில் ஒரு சிறுகோடு. இரண்டு ஊர்களைச் சேர்த்த நகரம். இடைவெளியில் வெட்டினால் மூன்று துண்டு: 'போ', 'பாசேன்-ரோஸ்', 'ஹில்'. நடுத்துண்டைப் பாருங்கள், ஓர் ஊரின் வாலும் இன்னோர் ஊரின் தலையும். சிறுகோட்டிலும் வெட்டினால் நான்கு. மனிதர் எண்ணினால் இரண்டு ஊர்.

கிழக்குக் கரையில் ட்ரூ தோ தூஸ் என்று ஒரு மீன்பிடி ஊர். பிரெஞ்சு எழுத்தில் நடுச்சொல் ஒரு சின்ன டி, மேற்கோள் குறி, பெரிய ஈ என்று தொடங்கும். 'ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கு' என்ற கணக்கில் இதைப் போட்டுப் பாருங்கள். இடைவெளியில் வெட்டி, முதல் எழுத்தைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சிறிதாக்கினால் டி பெரியது, ஈ சிறியது. பைத்தானின் தலைப்பெழுத்துச் செயலியைக் கூப்பிட்டால் இரண்டும் பெரியவை. ஊர்ப்பலகையில் இருப்பதோ இந்த இரண்டும் இல்லை.

இடைவெளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னால், பின்னால், நடுவில் இரட்டையாக வரும் ஸ்பேஸ்களை என்ன செய்வது என்று கேள்வி பெரும்பாலும் சொல்லாது. பைத்தானில் ஒன்றும் கொடுக்காமல் வெட்டினால் எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரு ஸ்பேஸைக் குறிப்பிட்டு வெட்டச் சொன்னால் நடுவில் வெற்றுத் துண்டுகள் வரும். 'அ,ஆ,,' என்பதைக் காற்புள்ளியில் வெட்டினால் பைத்தான் 4 துண்டு தரும், ஜாவா கடைசி வெற்றுத் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு 2 தரும். மொழி மாற்றி எழுதும்போது இதில் மாட்டாதவர் யார்?

ஒன்று என்பது எது?

'திரும்ப வருவதை நீக்கு' என்றால் இரண்டு சொற்கள் ஒன்றுதான் என்று யார் சொல்வது?

ஒரு தைப்பூசக் காவடிக்கு முன் கோயிலில் பதிவுப் பட்டியலைச் சுத்தம் செய்து தரச் சொன்னார்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது, அவ்வளவுதான் என்றார் ஒரு பெரியவர். பத்து வரி நிரல். எழுதி, ஓட்டி, அச்சடித்துக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. 'கோவிந்தசாமி' என்ற ஒருவர் இன்னும் இரண்டு தடவை இருந்தார், இரண்டும் பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றே. இன்னொரு பக்கம், பெயர் கொடுத்த சிலர் பட்டியலிலேயே இல்லை.

முதல் கோளாறு யூனிகோட் வகை. 'கோ' என்பதில் ஓகாரக் குறியை ஒரே கோட் பாயின்டாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் வேறு வேறு. இதற்கு மருந்து உண்டு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற பொதுவான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் 'ஔ' போடத் தெரியாமல் ஒகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியிருந்தால் எந்த வடிவமும் காப்பாற்றாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஸ்ரீயும் இதே போலத் தொல்லை தரும், இரண்டு விதமான முதல் எழுத்தோடு எழுத முடியும். பிரெஞ்சுப் பெயர்களில் மேற்குறி போட்ட ஈயும் அந்த ரகம்தான், ஆனால் அதை என்எஃப்சி சரிசெய்துவிடும்.

இரண்டாவது கோளாறுக்கு யூனிகோட் பொறுப்பில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வரிசை

'வரிசைப்படுத்து' என்று மட்டும் சொன்னால் எந்த வரிசை? கணினியின் இயல்பான வரிசை கோட் பாயின்ட் எண் வரிசை. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். அதனால் 'மரம்', 'மனம்' இரண்டையும் வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி மனத்தை முன்னால் வைக்கும், நாம் மரத்தை முன்னால் வைப்போம்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சட்டைப்பையிலிருந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டுவது வழக்கம். எங்கள் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று எழுத்து நிற்கும். 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் இந்தி தமிழுக்கு மேலே போய்விட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடிக்கப்பட்டன. மூன்று வரிகளின் வரிசைதான்!

எல்லைகளைப் படியுங்கள்

கேள்வியின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் எல்லைகளைப் பலர் தாண்டிப் போகிறார்கள். பாதிக் குழப்பத்துக்கு விடை அங்கேதான். 'ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டும்' என்றிருந்தால் பெரிய எழுத்து, நிறுத்தக்குறி, யூனிகோட் கேள்விகள் எல்லாம் ஒரே அடியில் ஒழிந்தன. நீளம் குறைந்தது 1 என்றிருந்தால் வெற்று வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 0 என்றிருந்தால் கேள்வி எழுதியவர் வெற்று வரியை நிச்சயம் கொடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எல்லையும் பேசும். நீளம் 1,00,000 வரை போகும் ஸ்ட்ரிங்கின் தொடர் துண்டுகளை 'காண்க' என்றால் அச்சிடச் சொல்லியிருக்க முடியாது. துண்டுகள் 500 கோடிக்கு மேல் வரும். எண்ணிக்கையைத்தான் கேட்டிருப்பார்கள்.

'3 முதல் 5 வரை' என்றால் எண்ணுவது 0விலிருந்தா 1இலிருந்தா, 5 உள்ளேயா வெளியேயா என்பது இன்னொரு பழைய தலைவலி. மாதிரி ஒன்று இருந்தாலே தெரிந்துவிடும், ஓடிப்போய் எழுதுவதற்கு முன் ஒரு தடவை விரல்விட்டு எண்ணுங்கள்.

மிச்சம் இருப்பதைக் கேளுங்கள்

மாதிரியும் எல்லைகளும் தீர்க்காதது ஏதாவது மிஞ்சும். தேர்வு அறையில் கேட்க ஆளில்லை என்றால், விடைத்தாளில் அல்லது நிரலின் தலையில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: 'திருப்பிய பின் முதலில் வருவதை வைத்துக்கொண்டேன், அ ஆ அ இ என்றால் இ அ ஆ.' எடுத்துக்காட்டு இல்லாத அனுமானத்தை எழுதிப் பயனில்லை, அதையும் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

தானாக மதிப்பிடும் தளங்களில் ஊகத்தை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்கலாம்தான். எனக்கு அது பிடிக்காது, ஆனால் போட்டி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நானும் செய்திருக்கிறேன்.

கேட்க ஆள் இருந்தால் கேட்கும் விதம் முக்கியம். 'திரும்ப வருவது என்றால் என்ன பொருள்?' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் கேள்வியையே இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வார். பிரித்துக் காட்டும் உள்ளீட்டைக் கையில் கொண்டுபோய், 'இதற்கு இதுவா, அதுவா?' என்று கேளுங்கள்.

அந்தக் காவடிப் பட்டியலில் காணாமல் போனவர்களுக்கு வருவோம். ஒரே பெயரில் இரண்டு வேறு ஆட்கள் இருந்திருக்கிறார்கள், நிரல் ஒருவரை விழுங்கிவிட்டது. சரி, பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நீக்கலாம் என்று நானே முடிவு கட்டி, பாதி நிரலும் எழுதிவிட்டேன். அப்புறம் ஏதோ தோன்றி, அப்படிப் பெயரும் எண்ணும் ஒத்துப்போன ஒரு ஜோடியை மட்டும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். "ஐயா, இது ஒருத்தரா ரெண்டு பேரா?" என்றேன்.

தாளைப் பார்த்துச் சிரித்தார். "தாத்தாவும் பேரனும் தம்பி. தாத்தா பேர் வெச்சாத்தானே பேரன்? ஒரே வீடு, ஒரே போன். ரெண்டு பேரும் காவடி எடுக்கிறாங்க."

பட்டியலில் பிறந்த ஆண்டுக்கு ஒரு பத்தி சேர்த்தோம்.